பொட்டு வைத்த பக்கம்

அந்த வருஷம் பங்குனி முழுவதும் நான் சாலையைப் பார்த்து வண்டி ஓட்டியதாக நினைவில்லை. வேப்பம்பட்டிலிருந்து கிளம்பி ஆவடி வழியாகப் பூந்தமல்லி சாலையில் ஏறி சென்னீர்குப்பம் வந்து சேரும்வரை, ஓரத்து வேப்பமரங்களைத்தான் பார்த்துக்கொண்டு வருவேன். எல்லாம் செம்பு நிறத்தில் துளிர்விட்டிருந்தன. டீக்கடையை ஒட்டிய மரம், ஒர்க்‌ஷாப் வாசலில் பழைய டயர்களுக்கு நடுவே நிற்கிற மரம், மெட்ரோ வேலைக்காகப் பாதிக் கிளைகளை இழந்த மரம்கூடத் துளிர்த்திருந்தது. என்னுடைய மரம் மட்டும் மொட்டையாக நின்றது.

என்னுடைய மரம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். சென்னீர்குப்பத்துக்கு அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நடுவில், கட்டடம் வருவதற்கு முன்பிருந்தே நின்ற வேம்பு அது. இரண்டு பேர் கைகோத்தால்தான் அடிமரத்தை வளைக்க முடியும். நான் அந்தக் குடியிருப்பின் தோட்டப் பராமரிப்பை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தேன். விவசாயம் படித்துவிட்டு வயல் பக்கமே போகாமல், அடுக்குமாடிகளின் புல்லுக்கும் மரத்துக்கும் வைத்தியம் பார்க்கிறவள் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்த மரத்துக்கு என்ன கேடு என்று தெரிந்துவிட்டது. கட்டியவர்கள் தரையை மேடாக்குவதற்காக அதன் அடியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண்ணையும் இடிபாட்டையும் கொட்டி, மேலே கொரியன் புல்லை விரித்து, தினமும் இரண்டு வேளை தண்ணீர் தூவும்படி குழாயும் போட்டிருந்தார்கள். வேம்பு வறட்சியைத் தாங்கும், தேங்கும் ஈரத்தைத் தாங்காது. மண்ணுக்கு அடியில் அதற்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. மேலே புல்லும் மஞ்சளடித்துக் கிடந்தது.

மாசி மாதம் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம். சங்கச் செயலாளர் கோயம்புத்தூர்க்காரர், ஐடி கம்பெனியில் வேலை, கத்திப் பேசத் தெரியாத மனிதர். மரத்துக்குக் கீழேயே குழந்தைகளின் ஊஞ்சல் இருந்தது. "பட்ட மரம் மேடம். காத்துல ஒரு கிளை முறிஞ்சு ஒரு கொழந்தை மேல விழுந்தா நான் யாருக்கு பதில் சொல்றதுங்க?" என்றார். அவர் கேட்டது நியாயம். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், மூளை பின்னால் மெதுவாக வந்து சேரும். "பட்டுப்போகலை சார். மே மாசக் கடைசிக்குள்ள துளிர்க்கும். நான் கேரண்டி" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் ஊஞ்சலைச் சுற்றிக் கயிறு கட்டி வைப்பது என்று முடிவாயிற்று. வண்டியை எடுக்கும்போதுதான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று உறைத்தது. மரத்துக்கு யார் கேரண்டி தர முடியும்?

மறுநாளே வேலையைத் தொடங்கினோம். நாங்கள் என்றால் நானும் அங்கே தோட்டவேலை பார்த்த அம்மாவும். ஐம்பது வயதிருக்கும், அந்த இடத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அந்தக் குடியிருப்பு நிற்கும் நிலத்தில் சின்ன வயசில் களை பறித்திருப்பதாக ஒருமுறை சொன்னார். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் உடனே டீ கேட்டார். நாங்கள் இரண்டு பேருமாக மரத்தைச் சுற்றிப் புல்லை அறுத்தெடுத்தோம், கொட்டிய மண்ணைப் பழைய தரைமட்டம் வரை தோண்டி அள்ளினோம். வேர் தொடங்கும் கழுத்து வெளியே வந்தது. மரம் இப்போது ஒரு பெரிய தாம்பாளப் பள்ளத்துக்கு நடுவில் நின்றது.

பிறகு மருந்து. புத்தகத்தில் இவற்றை உயிரூக்கி என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு எல்லாமே டானிக். கடற்பாசிச் சாறு, டிகாக்‌ஷன்போல் கறுப்பாகக் கரையும் ஹியூமிக் அமிலம், வேரோடு ஒட்டி வாழ்கிற பூஞ்சைத் தூள். இவை உரமில்லை. உரம் சோறு என்றால் இது பசி எடுக்க வைக்கிற இஞ்சிக் கஷாயம். சாப்பிடவே முடியாமல் கிடக்கிறவனுக்குச் சோற்றை அள்ளித் திணித்துப் பயனில்லை என்று நான் எல்லோரிடமும் விளக்குவேன். எல்லோரும் தலையாட்டிவிட்டு, "எத்தனை நாள்ல பச்சையாகும்?" என்று கேட்பார்கள். புல்லுக்கும் அதையே கொடுத்தேன். தண்ணீரை இரண்டு வேளையிலிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறையாகக் குறைத்தேன். தோட்டத்து முள்கரண்டியால் தரை முழுக்கக் குத்திக் காற்று போக வைத்தோம்.

மூன்றே வாரத்தில் புல் பச்சையாகிவிட்டது. செயலாளர் படம் எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டார், ஆளுக்கொரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். மரம் ஓர் இலைகூட விடவில்லை. நான் வாரத்துக்கு இரண்டு முறை போகிறவள், நான்கு முறை போகத் தொடங்கினேன். போனதும் கைக்கெட்டும் சுள்ளியை நகத்தால் கீறிப் பார்ப்பேன். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெரியும், கொஞ்சமாக. அடுத்தமுறை வேறு சுள்ளி.

"இன்னா மேடம் நீ, வர்ற போற போதெல்லாம் சொரண்டினுகீறியே. அதுக்கு வலிக்காதா?" என்றார் தோட்டக்கார அம்மா.

வீட்டில் என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடித்து வந்து, நான் மரத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "எனுக்கு ஜொரம் வந்தா இத்தினி தபா வந்து தொட்டுப் பாத்துகீறியா?" என்று கேலி செய்வார். எனக்குச் சிரிப்பு வராது.

பங்குனி பிறந்த முதல் வியாழக்கிழமை போனபோது அடிமரத்தில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. செயலாளருக்குப் போன் செய்தேன். "சும்மா பாக்கத்தான் ஆளை வரச் சொன்னேங்க. திங்கக்கிழமை மறுபடி வர்றாங்க. மே மாசம் வரைக்கும் காத்திருக்கணுமான்னு நிறையப் பேர் கேக்கறாங்க" என்றார். அவர் குரலில் இருந்த தயக்கமே என்னைப் பயமுறுத்தியது. நாலு பேர் அழுத்திச் சொன்னால் தலையாட்டிவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பூஜைச் சாமான் கடையில் மஞ்சள் துணி, மஞ்சள் தூள், குங்குமம் வாங்கினேன். நான் கோயிலுக்குப் போகிறவள் இல்லை. கடைக்காரர் வேப்பிலை வேண்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன். மதியம் வெயிலில் ஆளில்லாத நேரம் பார்த்து, சுண்ணாம்புக் குறியை அழித்தேன். நடைபாதையைப் பார்த்த மேற்குப் பக்கத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, உள்ளங்கை அளவுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். அதற்கு மேலே துணியைச் சுற்றிக் கட்டினேன். திரும்பினால் தோட்டக்கார அம்மா மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"நீ சாமியே கும்புட மாட்டியே மேடம்."

"யார்கிட்டயும் சொல்லாதம்மா."

"நான் இன்னாத்துக்கு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு அவர் ஒரு கும்பிடு போட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. யார்மீது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை மரம் அறுப்பவர்கள் வந்தார்கள், பொட்டைப் பார்த்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "ஆத்தா குந்திகினுகீறா சார். நாங்க கை வெக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுக் கயிறையும் ரம்பத்தையும் திரும்பவும் வண்டியில் ஏற்றினார்கள். நான் செடி வெட்டுகிற மாதிரி குனிந்து நின்று சிரித்துக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் அந்தச் சிரிப்புக்காக என்னை ஓர் அறை அறையலாம் போலிருக்கிறது.

அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் மரத்தடியில் ஏதாவது இருக்கும். கோலம், எலுமிச்சம்பழம், பூ. அடிமரம் ஈரமாக இருக்கும். மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று புரிந்தது. ஊற்றட்டும், இனி எவனும் கிட்டே வரமாட்டான் என்று தெம்பாக இருந்தேன். நான் போகிற நேரம் பத்து மணி. தோட்டக்கார அம்மா வருவது எட்டு மணி. அதற்குமுன் அங்கே என்ன நடக்கிறதென்று நான் கேட்கவில்லை.

சித்திரை பிறந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, தூக்கம் கலைந்தபின் படுத்திருக்க முடியாமல் விடிந்ததும் கிளம்பிவிட்டேன். ஆறரை மணிக்குக் குடியிருப்புக்குள் நுழைந்தால் மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு குடம். ஒருவர் பின் ஒருவராகப் பொட்டுக்கு நேராக நின்று, குடம் முழுவதையும் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் வடியவில்லை. நான் தோண்டிய தாம்பாளத்தின் மேற்குப் பக்கம் குட்டைபோல் தேங்கி நின்றது. அடியில் களிமண். பழைய ஏரிக்கரை நிலம் அது.

அவர்கள் போகும்வரை காத்திருந்தேன். கடப்பாரையை எடுத்து அந்த இடத்தில் இறக்கினேன். வெளியே இழுத்ததும் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. முட்டி போட்டுக் கையை விட்டு ஒரு சிறு வேரைப் பிடித்தேன். அவித்த கிழங்கின் தோல்போல் அது கையோடு உரிந்து வந்தது. இரண்டு மாதமாக நான் விரல் அளவு பார்த்துக் கொடுத்த மருந்தும், வேரோடு வாழட்டும் என்று நான் அனுப்பி வைத்த பூஞ்சையும், எல்லாம் அந்தச் சேற்றுக்குள் மூச்சில்லாமல் கிடந்தது. ஊற்றியவர்களுக்கு என்ன தெரியும்? ஊற்ற வைத்தது நான். ரம்பத்துக்குப் பயந்து நான் செய்த வேலை, ரம்பம் செய்யவேண்டியதை மெதுவாகச் செய்துகொண்டிருந்தது.

எட்டு மணிக்குத் தோட்டக்கார அம்மா வந்ததும், "இதை யார் ஆரம்பிச்சு வெச்சது?" என்று கத்தினேன்.

"ரெண்டாவது மாடி அம்மாதான் மொதல்ல ஊத்திச்சு. அதைப் பாத்து மத்தவங்க. அது நிறுத்தினா எல்லாரும் நிறுத்திடுவாங்கோ. ஆனா அது நிறுத்தாது மேடம். அதும் பொண்ணு டாக்டருக்குப் படிக்க பரீச்ச எழுதுது. நாப்பத்தெட்டு நாள் வேண்டிகினுகீது."

மறுநாளும் ஆறரைக்குப் போய் நின்றேன். இரண்டாவது மாடி அம்மா முதல் ஆளாக வந்தார். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். ஈரத் தலையில் துண்டு, இடுப்பில் எவர்சில்வர் குடம். தனியாகத்தான் இருந்தார், இதுதான் சமயம் என்று நினைத்தேன். துணியைக் கட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். இரவெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வாக்கியம் வந்தது.

"தண்ணி ஊத்துறதை நிறுத்தணும்ங்க. மரத்துக்கு வேர் அழுகுது."

அவர் குடத்தை இறக்கவில்லை. "இன்னைக்கு முப்பத்தோராம் நாள்" என்றார். "இன்னும் பதினேழு நாள் இருக்கு. போன தடவை என் பொண்ணு ரொம்பக் கொஞ்ச மார்க்குல விட்டுட்டா. வருஷம் பூரா வீட்டுக்குள்ளயே இருந்து படிச்சிருக்கா. நடுவுல நிறுத்தி அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

நான் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைக் காட்டினேன், முந்தின நாள் பிடுங்கிய வேரைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஊத்துறதை நிறுத்தினா மரம் பிழைச்சுக்குமா? நீங்க படிச்சவங்க. உறுதியாச் சொல்லுங்க."

கூட்டத்தில் எழுந்து நின்று கேரண்டி கொடுத்த வாய் இது. "தெரியலைங்க" என்றேன். "ஊத்தினா செத்துடும். அது மட்டும்தான் தெரியும்."

அவர் பள்ளத்தையும் பொட்டையும் மாறி மாறிப் பார்த்தார். குடத்தின் கனத்தால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அடுத்த பெண்கள் நடைபாதையில் வருவது தெரிந்தது. கடைசியில் குடத்துக்குள் விரல்களை விட்டு, மூன்று முறை அடிமரத்தில் தெளித்தார். "ஆத்தா கால் நனைஞ்சாப் போதும்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, நிறை குடத்தோடு படியேறிப் போனார். பின்னால் வந்தவர்களும் அதையே செய்தார்கள். மறுநாளிலிருந்து எல்லோர் கையிலும் குடத்துக்குப் பதில் சின்னச் செம்பு இருந்தது. நான் ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

அன்றே பள்ளத்திலிருந்து புல்தரைப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிட்டோம். கடப்பாரையால் சுற்றிலும் குழி போட்டு ஆற்றுமணலும் மக்கிய உரமும் நிரப்பினோம். மண் காயட்டும் என்று பத்து நாள் எதையும் தொடவில்லை. அந்தப் பத்து நாள் நான் பட்ட பாடு, டானிக் டப்பாவைப் பார்த்தாலே ஊற்றிவிடலாமா என்று கை பரபரக்கும். கூடுதலாகக் கொடுத்தால் சீக்கிரம் பிழைக்காதா? கொடுத்தே கெடுத்தது போதாதா? பதினோராம் நாள் பூஞ்சைத் தூளைப் புதிதாக வேரடியில் இட்டு, கடற்பாசிச் சாற்றை முன்பு கொடுத்ததில் பாதியாகக் கொடுத்தேன். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

மே முதல் வாரம் பரீட்சை நடந்தது. அன்று காலை அந்தப் பெண்ணும் அம்மாவோடு மரத்தடிக்கு வந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம், கையில் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற பாட்டில். பொட்டைப் பார்த்துக் கண்ணை மூடினாள். நான் செம்பருத்திப் புதருக்குப் பின்னால் நின்று, அவளுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியாது. நான் வைத்த பொட்டைத் தவிர எதிரே வேறு எதுவும் இல்லை.

செயலாளர் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்தார். "ஏதாச்சும் தெரியுதுங்களா?" என்பார். அவர் பெயர் திரையில் தெரிந்தால் நாலைந்து முறை மணி அடித்த பிறகுதான் எடுப்பேன். கத்திரி வெயில் கொளுத்தியது. புல் மட்டும் வெட்கமில்லாமல் பச்சையாக இருந்தது.

மே மாதம் மூன்றாவது வாரம், நான் வண்டியை நிறுத்தும்போதே தோட்டக்கார அம்மா தூரத்திலிருந்து கை காட்டினார். "மேடம், இங்க வா. சொரண்டாத. பாரு மட்டும்."

கிழக்குப் பக்கத்துத் தாழ்ந்த கிளையில், கடுகளவு கடுகளவாகச் சிவப்பு. ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ணவில்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "டீ சொல்லவா?" என்று கேட்டார்.

கிழக்குப் பக்கம் மட்டும்தான். வாரம் முடியும்போது அந்தப் பாதி முழுக்கத் துளிர்விட்டது. மேற்குப் பாதி அப்படியே நின்றது. மரமேறுகிற ஓர் ஆளை ஏறவிட்டு ஒவ்வொரு கிளையாகக் கீறச் சொன்னேன். எதிலும் பச்சை இல்லை. வைத்திருந்தால் முறிந்து விழும், ஊஞ்சலும் அந்தப் பக்கம்தான். மாதக் கடைசியில் நானே செயலாளரிடம் சொல்லி அதே ஆட்களை வரவழைத்தேன். அவர்கள் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டு, மேற்குக் கிளைகளை மட்டும் அறுத்து இறக்கினார்கள்.

வேலை முடிந்து அவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது இரண்டாவது மாடி அம்மா கீழே வந்தார். பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை. அறுத்துப் போட்ட கிளைகளைப் பார்த்தார், மேலே வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்தார், அங்கிருந்து நேராகக் கீழே பொட்டு வரைக்கும் பார்வை இறங்கி வந்தது. எதுவும் விளங்காதவர் இல்லை.

"நான் ஊத்தின பக்கம்தானே?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது முன்னாடியே போய்விட்டது என்று சொன்னால் அவரால் கண்டுபிடிக்க முடியாது. அந்த முகத்தைப் பார்த்தபோது பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒரு பொய்யைக் கட்டிவிட்டு நான் பார்த்த காட்சி போதும்.

"நான் பொட்டு வெச்ச பக்கம்ங்க" என்றேன். "துணியும் நான் கட்டினதுதான். மரத்தை வெட்டிடக் கூடாதுன்னு கட்டினேன். அங்க வெக்காம இருந்திருந்தா நீங்க அங்க ஊத்தியிருக்க மாட்டீங்க."

திட்டுவார் என்று நின்றேன். அழுதாலும் நியாயம்தான். அவர் மஞ்சள் துணியைப் பார்த்தார். அது வெளுத்துப்போய், ஓர் ஓரம் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து, பிரிந்த முனையை உள்ளே செருகி விட்டார்.

"மீதிப் பாதி நின்னுக்குமா?"

"இப்பவும் தெரியலைங்க. மழைக்காலம் தாண்டணும்."

அவர் தலையாட்டினார். "என் பொண்ணும் இதையேதான் சொல்றா" என்றார். "எப்படி எழுதினன்னு தினம் கேக்குறேன். தெரியலைம்மா, தெரியலைம்மான்னுதான் சொல்றா."

நாங்கள் இருவரும் அறுபட்ட பாதியின் கீழே நின்று, துளிர்த்திருந்த பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.